மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தையும் இரும்பையும் வேரை வைத்தே எடுப்பது எப்படி?

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்தால் அடுத்த வேலை பெரும்பாலும் டி.ஏ.பி. மூட்டை வாங்குவதுதான். உரம் போடுவதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அட்டை சொல்வது மண்ணில் இருக்கும் மொத்த மணிச்சத்தை அல்ல, ஆய்வகத்தில் ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்கியபோது எவ்வளவு கரைந்து வந்ததோ அந்த அளவை மட்டும்தான். கரையாமல் நிற்பது அதைப்போலப் பல மடங்கு. செம்மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுக்கான் மண்ணில் சுண்ணாம்போடு. நீங்கள் இந்தப் பட்டத்தில் போடுகிற உரத்திலும் இந்தப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கால் பங்குக்கும் கீழேதான், மீதி போய் அதே கும்பலில் சேர்ந்துகொள்கிறது.

இரும்பு இன்னும் மோசம். பூமியின் மேலோட்டில் எடைக்கு எடை ஏறக்குறைய 5 சதவீதம் இரும்புதான், எந்த வயலிலும் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் மண்ணின் பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) ஒரு எண் ஏறினால் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பி.எச். 8க்கு மேல் போன மண்ணில் நிலக்கடலை இரும்புக்குள்ளேயே வேரை விட்டுக்கொண்டு இரும்பில்லாமல் மஞ்சளாக நிற்பது இதனால்தான்.

இந்த மண்ணில்தான் எத்தனையோ செடிகள் எந்த மூட்டையும் இல்லாமல் காலகாலமாக வளர்ந்து வந்திருக்கின்றன. வேர் உறிஞ்சுகிறது என்பது நமக்குத் தெரியும், அது வெளியேயும் விடுகிறது என்பதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. இலை வெயிலில் செய்த சர்க்கரையில் இருபதில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை, பயிரையும் வயதையும் பொறுத்து, வேர் வழியாக மண்ணுக்குள் போகிறது. அதில் எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம் இருக்கும், மாலிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம் இருக்கும். இவை இரும்பையும் சுண்ணாம்பையும் தங்களோடு பிணைத்துக்கொள்ளும்போது அவற்றோடு ஒட்டியிருந்த மணிச்சத்து விடுபடுகிறது. கூடவே ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி வேரைச் சுற்றிய மண்ணையே புளிப்பாக்கும். பாஸ்படேஸ் என்ற நொதியை விட்டு, மக்கிய இலையிலும் தொழுவுரத்திலும் கட்டுண்ட மணிச்சத்தை அறுத்தெடுக்கும்.

புல் குடும்பத்துப் பயிர்கள் இரும்புக்கு வேறு வழி வைத்திருக்கின்றன. மியூஜினிக் அமிலம் என்ற வகைப் பொருளை வேர் வெளியே விடுகிறது, அது இரும்பைக் கவ்விக்கொள்கிறது, கவ்வியபடியே இரண்டையும் வேர் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. தகாகி என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1976இல் ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் இப்படி இரும்பைப் பிடிக்கும் பொருள்கள் இருப்பதைக் காட்டினார். பார்லி இதில் கெட்டிக்காரப் பயிர், கோதுமை அடுத்து வரும், மக்காச்சோளமும் சோளமும் சுமார், நெல் கடைசி. நீர் கட்டிய வயலில் நெல்லுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது, ஏனென்றால் காற்றில்லாத சேற்றில் இரும்பு தானாகவே கரைந்த நிலைக்கு வந்துவிடும். அதே நெல்லைச் சுக்கான் நிலத்தில் புழுதியில் விதைத்துப் பாருங்கள், இளம்பயிர் வெளுத்துப்போய் நிற்கும்.

இதெல்லாம் நடப்பது வேரிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள். மணிச்சத்து மண்ணில் நகர்ந்து வரும் தூரமே அவ்வளவுதான். அந்த மெல்லிய சுற்றுக்குள் வேர் தன் பி.எச்.சை வெளி மண்ணைவிட இரண்டு எண் வரைகூட இறக்கிவிட முடியும். வயல் முழுவதையும் மாற்ற நினைத்தால் கணக்கு கட்டுப்படியாகாது: ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் சுமார் 9 லட்சம் கிலோ, அதில் ஒரே ஒரு சதவீதம் சுண்ணாம்பு என்றாலும் 9 டன். அத்தனையையும் கரைக்க எத்தனை டன் அமிலம் வாங்குவீர்கள்? வினிகர் ஊற்றுங்கள், எலுமிச்சைத் தோலைப் போடுங்கள் என்று வரும் யோசனைகளெல்லாம் இங்கேதான் விழுந்துவிடுகின்றன. வேருக்குத் தேவை அந்த ஓரிரு மில்லிமீட்டர் மட்டும், அதை அது தானே பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது அதற்கு இடைஞ்சல் கொடுக்காமல் இருப்பது, அப்புறம் சரியான பயிரைச் சரியான பயிருக்குப் பக்கத்தில் வைப்பது.

முதலில் மண் எந்த வகை என்று பாருங்கள்

ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணைப் பீங்கான் தட்டில் போட்டு அதன்மேல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிக் காதருகே வையுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. கோவை, திருப்பூர்ப் பக்கம் சுக்கான் கல் கலந்த நிலங்களில் இது நன்றாகவே கேட்கும். நுரைக்கவில்லை, மண் சிவப்பு, பி.எச். 7க்குக் கீழே என்றால் இரும்போடும் அலுமினியத்தோடும் மணிச்சத்து கட்டுண்ட செவல் நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆய்வகத்தில் கொடுப்பதாக இருந்தால் பி.எச்., சுண்ணாம்பு அளவு, மணிச்சத்து, இரும்பு, துத்தநாகம் என்று கேட்டு வாங்குங்கள். பாசனத் தண்ணீரையும் கொடுங்கள். அதில் பைகார்பனேட் எவ்வளவு என்பது முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் இலை. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடி இலை மங்கிய கரும்பச்சையாகி, மக்காச்சோளம் போன்றவற்றில் ஓரம் ஊதா படர்ந்து, செடியும் குன்றிப்போய் இருந்தால் மணிச்சத்துக் குறை. அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, இந்தக் கட்டுரையில் பேசுகிற விஷயம் அல்ல.

வேர் செய்வதைக் கண்ணால் பார்க்க

இதை ஒருமுறையாவது செய்துவிடுங்கள், குறிப்பாக வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால். 1860 வாக்கில் ஜெர்மனியில் யூலியஸ் சாக்ஸ் என்ற தாவரவியலார் செய்து காட்டிய சோதனை இது, செலவு ஒன்றுமில்லை. டைல்ஸ் கடையில் உடைந்த மார்பிள் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். கிரானைட் வேண்டாம், அதில் சுண்ணாம்புக் கல் கிடையாது. பளபளப்பான பக்கம் மேலே வரும்படி தொட்டிக்குள் சாய்வாக வைத்து, அதன்மேல் மூன்று நான்கு விரல் உயரம் மணலும் கொஞ்சம் மண்ணும் கலந்து போட்டு, தட்டைப்பயறோ மக்காச்சோளமோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் கழித்து மண்ணைத் தட்டிவிட்டு, கல்லைத் தேய்க்காமல் தண்ணீரில் அலசிக் காயவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெருகு போன கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு வேர் படர்ந்திருந்த வழி, கிளை பிரிந்த இடம்கூடத் தெரியும். வேர் மூச்சுவிடும்போது வரும் கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து உண்டாகும் அமிலத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதனால் எல்லாமே சிட்ரிக் அமிலத்தின் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

கல்லூரி ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 7 அல்லது 8 கிராம் அகர், 0.06 கிராம் புரோமோகிரசால் பர்ப்பிள் சாயம் சேர்த்துக் காய்ச்சி, பி.எச். 6 அளவில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைத்த பயிரின் கழுவிய வேர்மேல் மெல்லிய தகடாக ஊற்ற வேண்டும். வேர் புளிப்பை விடும் இடம் மஞ்சளாகும், காரத்தை விடும் இடம் ஊதாவாகும். கொஞ்ச நேரத்திலேயே மாற்றம் தொடங்கிவிடும். மக்காச்சோள நாற்றில் இரண்டு தட்டு வைத்து, ஒன்றில் சிறிது அமோனியம் சல்பேட்டும் இன்னொன்றில் கால்சியம் நைட்ரேட்டும் கலந்து பாருங்கள். முதல் தட்டில் வேரைச் சுற்றி மஞ்சள், இரண்டாவதில் ஊதா. அடுத்து சொல்லப்போவது முழுக்க இந்த இரண்டு நிறங்களைப் பற்றித்தான்.

தழைச்சத்தை எந்த வடிவத்தில் கொடுப்பது

தழைச்சத்தை வேர் பெரும்பாலும் அமோனியம், நைட்ரேட் என்ற இரண்டு வடிவங்களில் எடுக்கிறது. வேர் அமோனியத்தை உள்ளே எடுக்கும்போது மின்சமநிலைக்காக ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. நைட்ரேட்டை எடுக்கும்போது அதற்கு எதிர்மாறாகக் காரத்தை விடுகிறது. ஆகவே பி.எச். கூடிய நிலத்தில் ஒரே அளவு தழைச்சத்தை எந்த வடிவத்தில் கொடுக்கிறீர்கள் என்பதே மணிச்சத்தும் இரும்பும் துத்தநாகமும் கிடைப்பதை மாற்றிவிடும். சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட்டையே வாராவாரம் விட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் இரும்புக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கும் தோட்டங்கள் நிறைய. உரக்கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியலை எழுதிக் கொடுப்பதால் வரும் வினை இது, எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சுக்கான் நிலமாக இருந்தால் அடியுரத் தழைச்சத்தில் ஒரு பகுதியையாவது அமோனியம் சல்பேட்டாகக் கொடுங்கள். கந்தகமும் கூடவே கிடைக்கும். யூரியாவும் மண்ணில் முதலில் அமோனியமாகத்தான் மாறும், ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அது சீக்கிரமே நைட்ரேட்டாகப் போய்விடும். 2015க்குப் பிறகு கடைகளில் வருவது வேம்பு பூசிய யூரியா, அந்தப் பூச்சு இந்த மாற்றத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது. ஒரு எச்சரிக்கை: காரமான மண்ணில் அமோனிய உரத்தை மேலே தூவினால் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். விதை வரிசைக்கு நான்கைந்து விரல் தள்ளிக் கோடு கிழித்துப் போட்டு மண்ணால் மூடுங்கள். அதே கோட்டில் மணிச்சத்து உரத்தையும் கொஞ்சமாகச் சேர்த்துப் போடுவது நல்லது. வேர் அந்தக் கோட்டுக்குப் போய் அடர்த்தியாகக் கிளைக்கும், கிளைத்த இடத்தில் புளிப்பை விடும்.

செவல் நிலத்தில் பி.எச். ஏற்கெனவே 5.5க்குக் கீழே இருந்தால் இந்த யோசனை உங்களுக்கு இல்லை. அங்கே மேலும் புளிப்பாக்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும்.

பயறு வகைகளுக்கு இதில் தனிச் சலுகை உண்டு. காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கும் செடி நைட்ரேட்டை நம்பி இருப்பதில்லை, அதனால் அதன் வேர் இயல்பாகவே புளிப்பை விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு நன்றாக இருக்கும் உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் மேலுரமாக யூரியா தூவினால் முடிச்சும் சோம்பிப்போகும், இந்தப் புளிப்பும் குறையும். ஆரம்பத்தில் கொஞ்சம் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தப் பயிரை எதற்குப் பக்கத்தில் வைப்பது

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் சேர்ந்து செய்து 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று துவரைக்கு இருக்கும் திறமையை வெளியே கொண்டுவந்தது. மணிச்சத்து இரும்போடு கட்டுண்டிருக்கும் செம்மண்ணில், உரமில்லாமல் சோளம் போன்ற பயிர்கள் திணறியபோது துவரை மட்டும் எடுத்துக்கொண்டது. அதன் வேர் விடும் பிசிடிக் அமிலம் இரும்பைப் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கிறது என்று கண்டார்கள். கரிசலில் சுண்ணாம்போடு கட்டுண்டதை எடுப்பதில் கொண்டைக்கடலை கெட்டி, அதன் வேர் சிட்ரிக் அமிலத்தைத் தாராளமாக விடும். கொண்டைக்கடலைச் செடி வேரோடு நிறுத்துவதுமில்லை, இலையிலும் காயிலும் இருக்கும் நுண்ணிய மயிர் நுனிகளில் மாலிக் அமிலம் துளியாக நிற்கும். பூத்த கொண்டைக்கடலைக் காட்டில் காலைப் பனியில் நடந்து வந்து விரலை நாக்கில் வைத்தால் பளிச்சென்று புளிக்கும். வட இந்தியாவில் இரவில் செடிமேல் மெல்லிய துணியை விரித்து, காலையில் பனியோடு பிழிந்து அந்தப் புளிப்பை எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமே இருந்திருக்கிறது.

ஆக, செவலுக்குத் துவரை, கரிசலுக்குக் கொண்டைக்கடலை. நம்மூரில் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலைக்கு நடுவே ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒன்றாகத் துவரை போடுவது பழைய வழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். அறுவடைக்குப் பிறகு துவரை மாரைப் பிடுங்கி எடுக்காமல் தரையோடு ஒட்ட வெட்டுங்கள். வேரும் உதிர்ந்த இலையும் அங்கேயே கிடக்கட்டும், அவை எடுத்து வைத்திருக்கும் மணிச்சத்து அடுத்த பயிருக்கு வந்து சேரும்.

இரும்புக்குக் கூட்டாளி வேறு. நிலக்கடலையும் மக்காச்சோளமும் ஊடுபயிராக இருந்த வட சீனத்துச் சுண்ணாம்பு நிலங்களில், மக்காச்சோளத்தை ஒட்டிய கடலை வரிசைகள் பச்சையாகவும் தள்ளிப்போகப் போக மஞ்சளாகவும் இருந்ததைக் கவனித்து ஆராய்ந்தார்கள். மக்காச்சோள வேர் இரும்புக்காக வெளியே விடும் பொருளால் கடலைக்கும் பலன் கிடைக்கிறது, ஆனால் இரண்டு வேரும் ஒரே மண்ணில் பின்னிக் கிடந்தால்தான். நடுவே தடுப்பு வைத்து வேர்களைப் பிரித்தபோது அந்தப் பச்சை வரவில்லை. மணிச்சத்திலும் இதே கதை: சீனாவின் கான்சு மாகாணத்தில் மணிச்சத்து குறைந்த நிலத்தில் மக்காச்சோளத்தையும் ஃபாபா பீன்ஸையும் சேர்த்துப் போட்டபோது, தனித்தனியாகப் போட்டதைவிட மக்காச்சோளம் 43 சதவீதமும் பீன்ஸ் 26 சதவீதமும் கூடுதலாகக் கொடுத்தன என்று 2007இல் வெளியிட்டார்கள். பீன்ஸ் வேர் மண்ணைப் புளிப்பாக்கியது, மக்காச்சோளமும் அதில் பங்கெடுத்துக்கொண்டது.

இதை உங்கள் காட்டில் எப்படிச் செய்வது? கடலை மஞ்சளாகும் நிலம் என்று தெரிந்தால், நான்கு வரிசை கடலைக்கு ஒரு வரிசை மக்காச்சோளம் என்று வையுங்கள். எட்டுக்கு ஒன்று என்றால் நடுவரிசைகளுக்கு வேர் எட்டாது. வரிசைக்கு வரிசை ஓர் அடி போதும். இரண்டையும் ஒரே நாளில் விதையுங்கள், ஏனென்றால் கடலை மஞ்சளாகத் தொடங்கும் மூன்றாவது நான்காவது வாரத்துக்குள் வேர்கள் சந்தித்திருக்க வேண்டும். மக்காச்சோளத்தை அந்த வரிசைக்குள் நெருக்கி நடாதீர்கள், நிழல் அடித்துக் கடலையின் மகசூலைத் தின்றுவிடும். சோளம் போடலாமா என்று கேட்பீர்கள். சோளமே சுக்கான் நிலத்தில் இரும்புக்குத் தடுமாறும் பயிர், அதனால் என் தேர்வு மக்காச்சோளம்தான்.

சுடுமல்லி (பயிரின் வேரில் ஒட்டிக்கொண்டு வாழும் களை) வரும் நிலமாக இருந்தால் சோளம், கரும்பு, மக்காச்சோளம் எல்லாவற்றிலும் கொஞ்சம் யோசியுங்கள். மணிச்சத்து குறைந்தால் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கூடுதலாக விட்டு, மணிச்சத்தை எடுத்துத் தரும் வேர்ப்பூஞ்சையை அழைக்கும். சுடுமல்லி விதையும் அதே பொருளை மோப்பம் பிடித்துத்தான் முளைத்து வேரில் ஒட்டிக்கொள்கிறது. ஏழை நிலத்தில் சுடுமல்லி தொல்லை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வகைப் பொருளை முதன்முதலில் 1966இல் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான். பருத்தி அதை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்காது. ஆகவே அந்த நிலத்தில் ஒரு பட்டம் பருத்தி போட்டால் மண்ணில் கிடக்கும் சுடுமல்லி விதை வீணாக முளைத்துச் சாகும்.

தண்ணீர், காற்று, வெயில்

சுக்கான் நிலத்தில் நல்ல மழை பெய்த வாரத்தில் கடலை திடீரென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். மழையில் சத்து அடித்துப் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். நடப்பது வேறு. மண்துளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேரும் நுண்ணுயிரும் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாகிறது. வேர் விடும் புளிப்பை அந்தப் பைகார்பனேட் அங்கேயே முறித்துவிடும். அதனால் முதல் மருந்து இரும்பு அல்ல, வடிகால். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் கொத்திவிடுங்கள். பல சமயம் அடுத்த கொழுந்து பச்சையாக வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் என்றால் ஒவ்வொரு பாசனமும் இதே வேலையைச் செய்கிறது. தண்ணீரைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கச் சொன்னது அதற்காகத்தான். அப்படிப்பட்ட தண்ணீரை இடைவெளி விட்டுப் பாய்ச்சுங்கள், மழைநீர் பிடிக்க முடிந்தால் நாற்றங்காலுக்காவது அதைக் கொடுங்கள்.

அதற்காக மண்ணைக் காயவிடவும் கூடாது. காய்ந்த மண்ணில் மணிச்சத்து அந்த ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. மூடாக்கு போடுங்கள். மணற்பாங்கான காட்டில் கம்பு நாற்று ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்து ஆட்டிப் பாருங்கள், மணல் உதிராமல் வேரைச் சுற்றி உறைபோல ஒட்டியிருக்கும், நுனி மட்டும் வெள்ளையாக வெளியே தெரியும். வேர் விடும் வழவழப்பான பசைதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த உறைக்குள் ஈரம் கடைசிவரை தங்கும், அமிலமும் நொதியும் வேலை செய்வதும் அங்கேதான். பிடுங்கிய செடியில் வேர் மொட்டையாக வந்தால் அந்த மண்ணில் ஏதோ சரியில்லை.

இத்தனைக்கும் சரக்கு இலையிலிருந்து வருகிறது. நிழலில் நிற்கும் செடியும், மாட்டுக்காக மொட்டையாக அறுத்த செடியும், புழு தின்று சல்லடையான செடியும் வேருக்கு அனுப்பச் சர்க்கரை இல்லாமல் நிற்கும். பார்லியில் பார்த்திருக்கிறார்கள், இரும்பைப் பிடிக்கும் பொருள் நாள் முழுக்க ஒரே அளவில் வருவதில்லை, சூரியன் உதித்த சில மணி நேரத்தில் பெருக்காக வந்து அடங்கிவிடும். அதனால் புல்வகைப் பயிர் கூட்டாளியாக நிற்கும் இடத்தில் காலை நேரத்தில் வெள்ளமாகத் தண்ணீர் விடாமல் மாலைக்குத் தள்ளிவைப்பது என் பழக்கம்.

உரத்தை எவ்வளவு, எதோடு

மணிச்சத்தை அள்ளிப் போட்டால் வேர் இந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். தேவையில்லாத இடத்தில் எந்தச் செடியும் சர்க்கரையைச் செலவழிக்காது. வேர்ப்பூஞ்சையும் குறையும், துத்தநாகத்துக்கும் தட்டுப்பாடு வரும். பரிசோதனை அட்டையில் மணிச்சத்து நடுத்தரம் அல்லது அதிகம் என்று வந்திருந்தால் பரிந்துரைக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். குறைவு என்றாலும் முழுவதையும் தூவாமல் கோட்டில் கொடுங்கள்.

தொழுவுரமும் மக்கிய குப்பையும் கட்டாயம், பாஸ்படேஸ் நொதி வெட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவைத் தனியாக மண்ணில் கொட்டுவதைவிடத் தொழுவுரத்தோடு கலந்து ஈரமான மண்ணில் வேர் இருக்கும் இடத்தில் கொடுத்தால்தான் பிழைக்கும், அதற்குச் சாப்பாடே வேர் விடும் சர்க்கரைதான். ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத் தூள்) விலை குறைவு என்று வாங்குகிறவர்கள் மண்ணைப் பார்த்து வாங்குங்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டம் போன்ற புளித்த மண்ணில் அது கரையும், பி.எச். 8 உள்ள நிலத்தில் அப்படியே கல்லாகக் கிடக்கும். முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட், கீரை வகைகளின் வேரில் வேர்ப்பூஞ்சை பெரும்பாலும் தங்காது. அவற்றை அடுத்தடுத்துப் போட்ட பாத்தியில் பிறகு வெங்காயமோ மிளகாயோ நடும்போது மணிச்சத்துக்குத் தடுமாறினால் காரணம் அங்கே இருக்கலாம். நடுவில் ஒரு முறை தட்டைப்பயறோ கம்போ போட்டு எடுங்கள்.

மாடித் தோட்டத்தில் மஞ்சளாகும் ரோஜாவும் எலுமிச்சையும்

காரணம் பெரும்பாலும் உப்புத் தண்ணீர், அதுவும் தினமும் ஊற்றுவது. பாதிப் பிரச்சினை தண்ணீர் அளவைக் குறைத்தாலே போய்விடும். தொட்டி ஓரத்தில் வட்டமாக மக்காச்சோளமோ கம்போ விதைத்து வளரவிடுங்கள். எலுமிச்சை வகை மரங்களுக்கும் திராட்சைக்கும் அடியில் புல் வளர்த்து இரும்புக் குறையைச் சரிசெய்யும் முறையை ஐரோப்பாவில் ஆராய்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள், நம் தொட்டிக்கும் அதே கணக்குத்தான். ஒரேயடியாக ஒட்ட வெட்டாதீர்கள், வெட்டினால் வேருக்குப் போகும் சரக்கு நின்றுவிடும். நீண்ட இலைகளை மட்டும் கிள்ளி அதே தொட்டியில் மூடாக்காகப் போடுங்கள், தண்டு முற்றியதும் புதிதாக விதையுங்கள். சிறிய தொட்டியில் இது வேண்டாம், இரண்டும் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும். ஓர் அடிக்கு மேல் அகலமுள்ள தொட்டிக்குத்தான்.

பயிர் ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது என்றால்

ஊடுபயிரும் உர வடிவமும் அடுத்த பட்டத்துக்கான வேலை, நிற்கும் பயிரை அவை உடனே காப்பாற்றாது. அப்போது இலைவழிதான். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் ஃபெரஸ் சல்பேட், அதோடு ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் கொழுந்து நனைய அடியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. கரைசல் பச்சை கலந்த தெளிவாக இருக்க வேண்டும், துருநிறமாகிவிட்டால் கொட்டிவிடுங்கள், பயனில்லை. முதலில் குறைந்த அளவில் நாலு செடிக்கு அடித்துப் பார்த்து, இலை கருகவில்லை என்றால் மற்றதற்கு. ஃபெரஸ் சல்பேட்டைச் சுக்கான் மண்ணில் தூவுவது பணத்தைப் புதைப்பதுதான், சில நாளில் மற்ற இரும்போடு அதுவும் கட்டுண்டுவிடும். மண்ணில்தான் கொடுக்க வேண்டும் என்றால் இ.டி.டி.எச்.ஏ. என்ற பொருளோடு பிணைத்த இரும்பைக் கேட்டு வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை மலிவு, ஆனால் பி.எச். கூடிய மண்ணில் நிற்காது.

எதைச் செய்தாலும் காட்டின் ஒரு மூலையில் நாலு வரிசையை மாற்றாமல் பழையபடியே விட்டு வையுங்கள். முப்பதாவது நாளில் இரண்டு இடத்திலும் கடைசியாக விரிந்த இலையைக் கிள்ளி ஒரே வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். கூட்டுப்பயிர் வரிசையில் கடலைக்காயை மட்டும் எடை போட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அதே நிலத்தில் வந்த மக்காச்சோளத்தின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.